யார் வீட்டு நாய்?

2025-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் குறித்து ஓர் ஆணை பிறப்பித்தது. பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் ஆகியவற்றுக்குள் நாய்கள் நுழையாதபடி எட்டு வாரங்களுக்குள் வேலியோ மதிலோ அமைக்க வேண்டும், அங்கே திரியும் நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டுக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விடக்கூடாது என்பது அதன் சாரம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாய்களிடம் எப்படி நடந்துகொள்வது, கடிபட்டால் முதலில் என்ன செய்வது என்று கற்றுத்தர வேண்டும் என்றும் அதே ஆணை சொன்னது.

இந்த வழக்கு அதே ஆண்டு ஜூலை 28 அன்று, டெல்லியில் நாய்க்கடியால் குழந்தைகள் பாதிக்கப்படுவது பற்றிய ஒரு செய்தியை நீதிபதிகள் தாமாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டதில் தொடங்கியது. ஆகஸ்டு 11 அன்று டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்க ஆணை வந்தது. ஆகஸ்டு 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பிறகு பழைய இடத்திலேயே விடலாம் என்றது. தொலைக்காட்சிகளில் அன்றாடம் வாக்குவாதம் நடந்தது. நாய்களின் பக்கம் பேசுவோர் ஒருபுறம், குழந்தைகளின் பக்கம் பேசுவோர் மறுபுறம். இரு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் இருவருமே 'தெருநாய்' என்ற சொல்லைத் தயக்கமின்றிப் பயன்படுத்தினார்கள். நமக்கு அந்தச் சொல்லின் மீதுதான் ஐயம் எழுகிறது.

டெல்லியின் பெருஞ்சாலைகளுக்கு அந்தச் சொல் பொருந்தலாம். நம் பகுதிக்கு எவ்வளவு பொருந்தும்? காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கும் மாகறலை எடுத்துக்கொள்வோம். சம்பந்தர் பாடிய சிவாலயத்தால் பெயர் பெற்ற ஊர் அது. (அக்கோவிலின் தல வரலாற்றில் ஒரு பொன் உடும்பு வருகிறது. அரசன் துரத்த, அது புற்றுக்குள் போய் ஒளிந்ததாம்.) மாகறலிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மாலை ஆறு மணிக்கு ஒரு தெருவில் நின்று பார்த்தால் போதும். தெருவில் படுத்திருக்கும் ஒவ்வொரு நாயும் ஏதோ ஒரு வாசலைப் பார்த்தே படுத்திருக்கும். அதற்கு மணி, ராஜா, கருப்பன் என்று ஒரு பெயர் இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வரும். இரவு மிச்சச் சோறு எந்தத் திண்ணையில் விழும் என்பது அதற்குத் தெரியும். தறி வீடுகளில் பட்டும் சரிகையும் இருக்கும். இரவில் குரைக்க ஒரு நாய் வேண்டும் என்று வைத்திருப்பார்கள். அறுவடைக் காலத்தில் களத்துக்கும் ஒரு நாய் வேண்டும். வேலை வாங்கிக்கொள்ளும்போது அது நம் வீட்டு நாய்தான்.

அதே நாய் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டால்? "அது எங்க நாய் இல்லீங்க, தெருவுல சுத்துற நாய். ஏதோ ரெண்டு வாய் சோறு வைப்போம், அவ்வளவுதான்." இதைச் சொல்லாத ஊர் இல்லை. சொல்பவர் பொய் சொல்வதாகவும் நினைப்பதில்லை. கழுத்தில் பட்டை இல்லை, சங்கிலி இல்லை, ஊசி போட்ட சீட்டு இல்லை. ஆகவே நாயும் தம்முடையதில்லை என்று அவர் மெய்யாகவே நம்புகிறார். அன்றிரவும் அந்த நாய் அவர் திண்ணையில்தான் படுத்திருக்கும்.

ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி 2024-ஆம் ஆண்டில் இந்தியாவில் 37 இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. அவற்றில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். தமிழகத்தின் பங்கு மட்டும் ஏறத்தாழ 4 இலட்சத்து 80 ஆயிரம். வெறிநோயால் உலகில் இறப்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரணம் எளிது. பெரியவருக்குக் காலில் விழும் கடி, நாயின் உயரமே இருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. காயம் மூளைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவு விரைவாக நோய் முற்றும்.

இத்தடுப்பூசியின் வரலாறே பள்ளிக்குப் போன ஒரு சிறுவனிடம்தான் தொடங்குகிறது. 1885-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், அல்சாஸ் பகுதியில் ஒன்பது வயது ஜோசப் மைஸ்டர் பள்ளிக்கு நடந்து போகும் வழியில் ஒரு நாய் பாய்ந்து பதினான்கு இடங்களில் கடித்தது. இரண்டு நாள்களில் தாய் அவனைப் பாரிசுக்கு லூயி பாஸ்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். பாஸ்டர் வேதியியலார், மருத்துவர் அல்லர். எனவே ஊசியை வேறொரு மருத்துவர் போட்டார். மைஸ்டர் பிழைத்தான். பிற்காலத்தில் பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலாளியாகப் பணிபுரிந்தார். இந்த அளவுக்கு நம்மில் பலர் பாடநூலில் படித்திருப்போம். பாடநூல் சொல்லாத ஒன்று உண்டு. அந்த நாய் தெருநாய் அன்று. தியோடர் வோன் என்ற மளிகைக் கடைக்காரரின் சொந்த நாய். அது அவரையும் கையில் கடித்தது. மைஸ்டரோடும் அவன் தாயோடும் அவரும் பாஸ்டரிடம் போனார். பல் சட்டையைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை என்று கண்டு, அச்சமில்லை என அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உரிமையாளருக்குச் சட்டை காவலாக இருந்தது. பள்ளிச் சிறுவனுக்கு ஒன்றும் இல்லை.

நம் மாநிலத்தில் குன்னூரில் இருக்கும் பாஸ்டர் நிறுவனமும் அந்த வழியில் வந்ததே. 1902-இல் லில்லி பெக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண்மணி வெறிநாய்க்கடியால் இறந்தார். அன்று சிகிச்சைக்கு இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குத்தான் போக வேண்டும். தெற்கே ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் அந்தச் சாவுக்குப் பின் வலுத்தது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் நன்கொடையும் சேர, 1907-இல் குன்னூர் நிறுவனம் திறக்கப்பட்டது. நம் தாத்தா பாட்டிமார் நடுக்கத்தோடு சொன்ன தொப்புளைச் சுற்றிய பதினான்கு ஊசிகள் அந்தப் பழைய தடுப்பு மருந்தின் காலத்தவை. அவ்வகை மருந்து தயாரிப்பு 2004-ஆம் ஆண்டு இறுதியோடு இந்தியாவில் நின்றுவிட்டது. இன்று நான்கு முறை, கையின் மேல்தோலில் சிறு ஊசிகள், அவ்வளவே. இருந்தும் 'பதினாலு ஊசி' என்ற பயம் மட்டும் இன்னும் வீடுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வீட்டு நாயின் கடி நகரங்களிலும் நேர்கிறது. 2024-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் சென்னை ஆயிரம்விளக்கு மாதிரிப் பள்ளிச் சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. காப்பாற்ற ஓடிவந்த தாயும் காயமடைந்தார். இரண்டும் விலை கொடுத்து வாங்கி வளர்க்கப்பட்ட நாய்கள். உரிமையாளர் கைதானார். அதன்பின் மாநகராட்சி, பொது இடத்துக்குக் கூட்டிவரும்போது கயிறும் வாய்க்கூடும் கட்டாயம் என்றது. 2025-இன் இறுதியில் உரிமம் பெறாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. இவை மாநகராட்சியின் விதிகள். நம் ஊராட்சிகளுக்கு வாரா. ஆனால் நாடு முழுவதற்குமான சட்டம் ஒன்று உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, தம் வசமுள்ள விலங்கால் பிறருக்குத் தீங்கு நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. முன்பு இதுவே இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவாக இருந்தது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், வளர்ப்பு விலங்குக்குத் தடுப்பூசி போடும் பொறுப்பு வளர்ப்பவருடையது என்கின்றன. தெருநாய்க்குச் சோறிடுவதைக்கூடக் குழந்தைகள் விளையாடும் இடங்களுக்கு அப்பால், அவர்கள் நடமாடாத நேரத்தில் செய்ய வேண்டும் என்கின்றன.

விவிலியம் அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. விடுதலைப் பயணம் 21-ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் வருகிறது. முதல்முறை ஒரு மாடு யாரையேனும் முட்டிக் கொன்றால் உரிமையாளர் மேல் குற்றம் இல்லை. ஆனால் அது முன்பே முட்டும் பழக்கமுள்ளது, உரிமையாளருக்கு எச்சரிக்கையும் தரப்பட்டிருக்கிறது, அப்படியும் அவர் கட்டி வைக்கவில்லை என்றால் சாவுக்கு அவரே பொறுப்பு. அவர் அறிந்திருந்தாரா என்பதைத்தான் அச்சட்டம் கேட்கிறது. அடுத்த வரிகளில் ஒன்று, முட்டப்பட்டது சிறுவனானாலும் சிறுமியானாலும் இதே நெறிதான் என்று தனியே குறிப்பிடுகிறது. நம் தெருவில் எந்த நாய் சைக்கிளைத் துரத்தும், எது குட்டி போட்டிருக்கும்போது சீறும், எது சின்னப் பிள்ளைகளைக் கண்டால் உறுமும் என்பதை அந்த வீட்டாரைவிட நன்றாக அறிந்தவர் யார்? "அது அப்படித்தான் குரைக்கும், ஒன்றும் செய்யாது" என்று வாசலில் நின்று சொல்லும்போதே நாம் அறிந்திருக்கிறோம் என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

நாயை வெறுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. தோபித்து நூலில் இளம் தோபியா பயணம் போனபோது வானதூதரோடு நாயும் உடன் போனது. புனித ரோக்கின் சுரூபத்தை நாம் பார்த்திருக்கிறோம். சில ஊர்களில் அவரை ஆரோக்கியநாதர் என்று அழைப்பார்கள். தொடையில் கொள்ளைநோய்ப் புண், அருகே வாயில் ரொட்டியோடு ஒரு நாய். மரபுக் கதையில் நாம் அதிகம் பேசாத ஓர் ஆள் இருக்கிறார். அந்த நாயின் உரிமையாளர். தம் நாய் ஒவ்வொரு நாளும் மேசையிலிருந்து ரொட்டியைக் கவ்விக்கொண்டு எங்கேயோ போகிறதே என்று வியந்து, ஒருநாள் அதன் பின்னாலேயே நடந்து காட்டுக்குள் போனார். அப்படித்தான் நோயுற்றுக் கிடந்த புனிதரைக் கண்டார். காலையில் நாம் அவிழ்த்துவிட்ட பின் நம் நாய் பகல் முழுவதும் எங்கே போகிறது, யாருடைய குப்பையைக் கிளறுகிறது, எந்தப் பள்ளியின் வாசலில் போய்ப் படுக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறோம்?

பள்ளி வாசலில் அது படுப்பதற்கும் காரணம் இருக்கிறது. 2022 முதல் காலை உணவு, அதற்கும் முன்பிருந்தே மதியச் சத்துணவு. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தட்டு கழுவும் குழாயடியில் எப்போதும் கொஞ்சம் சோறும் முட்டைத் துணுக்கும் கிடக்கும். சோறு கிடக்கும் இடத்தை எந்த நாயும் விடாது. மூடி போட்ட தொட்டி ஒன்று வைத்து மிச்சத்தை அன்றன்றே அகற்றினால், எட்டு வாரத்தில் கட்டச் சொன்ன மதிலைவிட அது அதிகம் உதவும் என்பது நம் எண்ணம். கோவில் திருவிழா, கல்யாண மண்டபம், நம் ஆலயத்து அசன விருந்து இவற்றின் எச்சில் இலைகளுக்கும் இதே கணக்குதான்.

இன்னொன்றையும் கவனித்திருப்போம். மார்கழியில் நாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரியும். அப்போது சினைப்படும் நாய் ஏறக்குறைய 63 நாள்களில், மாசி வாக்கில், குட்டி போடும். ஆண் குட்டிகளுக்கு வீடு கிடைத்துவிடும். பெண் குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்ச் சந்தைப்பக்கமோ ஆற்றங்கரையிலோ பள்ளிக்கூடத்துப் பின்புறமோ விட்டுவிடுவார்கள். (நம் ஆலய வளாகமும் விதிவிலக்கல்ல.) ஏப்ரல், மே விடுமுறையில் பிள்ளைகளுக்கு அந்தக் குட்டிகள்தான் விளையாட்டுத் தோழர்கள். தூக்குவார்கள், முத்தமிடுவார்கள், அது செல்லமாகக் கடிக்கும், நகத்தால் கீறும். நாய்க்கு முதல் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது மூன்று மாத வயதில். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த வயது வருவது பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி. அதாவது பிள்ளைகள் மிக நெருக்கமாகப் பழகும் இரண்டு மாதங்களும் குட்டிக்கு எந்தக் காப்பும் இல்லாத மாதங்கள். தாய் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போட்டிருந்தால் வீட்டுக்குள் நோய் நுழையும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். தாய்க்குக் கருத்தடை செய்திருந்தால் சாக்கு மூட்டைக்கே இடமில்லை. "குட்டி நாய் கடித்தால் ஒன்றும் ஆகாது" என்று சொல்வதை எங்கே கேட்டாலும் மறுத்துச் சொல்ல வேண்டும். குட்டியாலும் நோய் வரும். நாக்கால் நக்கிய இடத்தில் புண் இருந்தாலும் வரும்.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியவை அதிகமில்லை. சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டியோடு இருக்கும் நாய், இவற்றின் கிட்டே போகக்கூடாது. துரத்தினால் ஓடக்கூடாது, கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு மரம்போல் நிற்க வேண்டும், அதன் கண்ணை நேருக்கு நேர் பார்க்கக்கூடாது. கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, முகத்தையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். மறைக்கல்வி வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் நடித்தே காட்டிவிடலாம்.

இதைவிடக் கடினமானது வேறொன்று. கடிபட்ட பிள்ளை வீட்டில் சொல்வதில்லை. "அதுகிட்ட ஏன் போனே?" என்ற அதட்டல்தான் முதலில் கிடைக்கும் என்பது அதற்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் தறியில் உட்கார்ந்திருக்கும் வீட்டில், ஒருநாள் வேலை கெட்டால் என்ன ஆகும் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். பிராண்டல்தானே என்று கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்துவிடும். வெறிநோய் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே தலைகாட்டும். சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். தண்ணீரைக் கண்டு நடுங்கத் தொடங்கிய பிறகு எந்த மருத்துவராலும் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே நாய் கடித்ததென்று வந்து சொல்லும் பிள்ளையை அடிக்கவோ திட்டவோ வேண்டாம் என்று தாய்மார்களிடமும் பாட்டிமார்களிடமும் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த கீறலை அது சொல்லுமா சொல்லாதா என்பது இந்த முறை நாம் நடந்துகொள்வதைப் பொறுத்தது.

சொல்லிவிட்டால் செய்ய வேண்டியது இதுதான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். ஐந்து பத்துமணி செபமாலை சொல்லி முடிக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் நினைப்பதைவிட அது நீண்ட நேரம். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பித் தூள், பச்சிலை எதுவும் வேண்டாம். கட்டுப் போட வேண்டாம். மந்திரிக்கப் போகும் நேரத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடலாம். அங்கே ஊசி இலவசம். இரத்தம் வந்த ஆழமான கடியென்றால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்திலேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். அதைக் கேட்டுப் பெற வேண்டும். நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லதுதான், ஆனால் அதுவரை ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. கடிபட்ட அன்று தொடங்கி மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என ஊசிகள். காயம் ஆறிவிட்டதே என்று கடைசி ஊசியை விட்டுவிடுபவர்கள் உண்டு. வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு வையுங்கள்.

நாய்க்குச் செலவழிக்க நம்மால் முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூலிக்கு நெய்யும் குடும்பத்தில் அது நியாயமான கேள்வி. ஆனால் ஒரு சங்கிலியின் விலை, ஆண்டுக்கொரு ஊசி, பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கட்டிவைக்கும் சிரமம், இவ்வளவுதான் முதலில் வேண்டுவது. நாள் முழுக்கக் கட்டியே போடவும் கூடாது. கட்டிக் கிடக்கும் நாய் மூர்க்கமாகும். செப்டம்பர் 28 பாஸ்டர் மறைந்த நாள். அதை உலக வெறிநோய் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதை ஒட்டிக் கால்நடைத் துறை பல இடங்களில் இலவச ஊசி முகாம்கள் நடத்துகிறது. ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அன்பியக் கூட்டங்களில் தெருவாரியாக ஒரு பட்டியல் எடுத்தால் போதும்: எத்தனை நாய்கள், எது எந்தத் திண்ணையில் சாப்பிடுகிறது, எதற்கு எப்போது ஊசி போட்டது.

முகாமில் மருத்துவர் ஊசியோடு நிற்பார். முன்பின் பார்த்திராத ஆளிடம் எந்த நாயும் பிடிபடாது. தலையைத் தடவி, வாயைப் பிடித்து, அசையாமல் நிறுத்த ஒருவர் வேண்டும். யார் கை பட்டால் அது அமைதியாக நிற்கும் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயரைப் பட்டியலில் நாயின் பெயருக்கு எதிரே எழுதிக்கொள்ளலாம்.